வேலை இருக்குன்னு சொல்றது யார்? மண்டபம் கேம்ப்பிலிருந்து டெலிகிராம் குரூப் வரை

இந்த எபிசோடை ஒரு மெசேஜோட ஆரம்பிக்கலாம். நீங்க இருக்கிற ஏதாவது ஒரு டெக் குரூப்ல இது கண்டிப்பா வந்திருக்கும்.

"அவசரம். பைத்தான் டெவலப்பர் தேவை. அனுபவம் 2 முதல் 4 வருடம். சம்பளம் தகுதிக்கேற்ப. விருப்பமுள்ளவர்கள் ரெஸ்யூமை இன்பாக்ஸில் அனுப்பவும்."

கம்பெனி பேர் இல்லை. ஊர் பேர் இல்லை. சம்பளம் இல்லை. அனுப்பினவர் அந்தக் கம்பெனியில வேலை பார்க்கிறாரா, இடைத்தரகரா, அதுவும் தெரியாது. அடுத்த பத்து நிமிஷத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். "இது டெக்னிக்கல் குரூப், இங்க வேலை விளம்பரம் போடாதீங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். "நாலு பேருக்கு வேலை கிடைச்சா உங்களுக்கு என்ன கஷ்டம்?"னு இன்னொருத்தர். "முதல்ல சம்பளம் எவ்வளவுன்னு போடுங்க ப்ரோ"ன்னு மூணாவது ஆள். அட்மின் வந்து மெசேஜை அழிப்பார். அழிச்சது சரியா தப்பான்னு அடுத்த சண்டை.

இதை வெறும் குரூப் சண்டைன்னு நாம தள்ளிட்டுப் போயிடுறோம். ஆனா இதுல இருக்கிற கேள்வி ரொம்பப் பழசு. ஒரு வேலை இருக்குன்னு யார் சொல்லலாம்? யார்கிட்ட சொல்லலாம்? எதையெல்லாம் சொல்லியே ஆகணும்? இணையத்துல இந்தச் சண்டைக்கு வயசு கிட்டத்தட்ட ஐம்பது. இணையத்துக்கு வெளியே, நம்ம ராமநாதபுரம் கடற்கரையில, அதைவிட நூறு வருஷம் அதிகம். கரையிலிருந்தே தொடங்கலாம்.

கரையில் வந்த சேதி

வாலிநோக்கம், ராமநாதபுரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். கடலாடி தாலுகா. மீன்பிடித் தொழில் உண்டு. பக்கத்தில் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனம் 1970களில் தொடங்கிய உப்பளங்கள் உண்டு. இந்தக் கரையோரமாகவே கிழக்கே போனால் ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், கடைசியில் மண்டபம். மழையை நம்ப முடியாத மாவட்டம். அதனால் வேலை தேடி வெளியூர் போவது, அதுவும் கடல் தாண்டிப் போவது, இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இன்றைக்கு வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இலங்கை.

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. காடு வெட்ட, செடி நட, காய் பறிக்க ஆள் வேண்டும். தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். ராமநாதபுரம் கரையிலிருந்து தோணி ஏறி மன்னார் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. வழியில் காலரா, பசி, தண்ணீர் இல்லாமை. போய்ச் சேராதவர்கள் ஏராளம். 1869க்குப் பிறகு காப்பிச் செடிகளில் இலைநோய் பரவியது. காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் தேவை. அதனால் குடும்பம் குடும்பமாக ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

இப்ப கேள்வி இதுதான். கண்டி மலையில வேலை இருக்குன்னு திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் கிராமத்துல இருக்கிற ஒருத்தருக்கு எப்படித் தெரியும்? பேப்பர் விளம்பரம் கிடையாது. இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர் குறைவு. சேதி கொண்டு வந்தது கங்காணி.

கங்காணி யார்? தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவர். கண்காணிப்பவர்தான் பேச்சில் கங்காணி ஆனார். தோட்டத்துரை கையில் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி தன் சொந்த ஊருக்கு, தன் சொந்தக்காரர்களிடம், பெரும்பாலும் தன் சாதிக்காரர்களிடம் போய், "அக்கரையில வேலை இருக்கு, வாங்க" என்பார். தெரிந்த முகம். நம்பிக்கை. இன்றைய மொழியில் சொன்னால், ரெஃபரல்.

ஆனால் அவர் சொன்ன சேதியில் எது இருந்தது, எது இல்லை என்று பாருங்கள். வேலை இருக்கிறது, அது வரும். கையில் கொஞ்சம் முன்பணம், அதுவும் வரும். பயணச் செலவும் அந்த முன்பணமும் யார் கணக்கில் ஏறும் என்பது வராது. தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. அவர் பேரில் ஒரு கணக்கு, அது கங்காணி கையில். அது மட்டுமில்லை. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அந்தத் தலைக்கணக்குப்படி கங்காணிக்குத் தினமும் தனியாகக் காசு. அதாவது, வேலை இருக்கு என்று சொன்னவருக்கு, கேட்டவர் வந்ததாலேயே வருமானம். அதை அவர் ஊரில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

துண்டு

இங்கே ஒரு சின்னக் காகிதம் வருகிறது. பேரே துண்டுதான்.

ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் என்ன செய்வது? கடன் இருக்கிறதே. துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கங்காணிக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு ரூபாய் பாக்கி, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று. கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவார். யாருக்கு ஆள் தேவையோ அவர் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் குறையாது. புதுத் தோட்டத்தின் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான். பல நேரம் கூடவும் செய்யும். ஏனென்றால் ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது துண்டுக்கு விலை ஏறும். அதிக முன்பணம் தருகிறேன், என் தோட்டத்துக்கு வா என்று ஒரு துரை ஆசைகாட்டினால், அந்த அதிகப் பணமும் கடைசியில் தொழிலாளிகள் கணக்கில்தான் வந்து விழும்.

துரைமார்களுக்குள் இது பெரிய சண்டை. ஒருத்தர் ஆட்களை இன்னொருத்தர் இழுக்கிறார், இது கனவான்கள் செய்கிற காரியமா என்று கேட்டார்கள். அவர்களுடைய சங்கங்களில் பேசிப் பேசிப் பார்த்தார்கள். இழுக்கக் கூடாது, முன்பணத்துக்கு ஒரு வரம்பு வைப்போம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட முயன்றார்கள். ஆள் தேவைப்படும்போது அந்த ஒப்பந்தம் நிற்கவில்லை.

அந்தச் சண்டை முழுக்க ஆள் எடுப்பவர்களுக்கு நடுவில் நடந்த மரியாதைப் பிரச்சினை. கேள்வி, "என் ஆளை நீ எப்படிக் கூப்பிடலாம்?" என்பதுதான். "கூப்பிடப்படுகிறவருக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் அந்த அறையிலேயே இல்லை.

1904இல் இலங்கைத் தோட்டக்காரர்கள் ஆள் எடுப்பதை ஒழுங்குபடுத்தத் திருச்சியில் ஓர் அலுவலகம் வைத்தார்கள். சிலோன் லேபர் கமிஷன். தோட்டத்தின் எண் பதித்த சின்ன உலோக வில்லை ஒன்றும் புழக்கத்துக்கு வந்தது. டின் டிக்கெட் என்று பேர். அதைக் காட்டினால் வழிச்செலவு கையிலிருந்து கொடுக்க வேண்டாம், தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மண்டபத்தில் இலங்கை அரசின் முகாம். அக்கரை போகிற தொழிலாளர்களை அங்கே சில நாள் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப் பேர் அந்த முகாமின் மிச்சம். பிற்காலத்தில் அங்கிருந்து எதிர்த்திசையில் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் அதே இடம்தான் முகாம் ஆனது.

1920கள் போட்ட விதி

பிறகு என்ன மாறியது? இந்தியாவில் அழுத்தம் கூடியது. வெளிநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை எதிர்த்து, தென்னாப்பிரிக்கா, பிஜி அனுபவங்களைச் சொல்லி, அரசியல் பேச்சு வலுத்த காலம் அது. 1921இல் இலங்கை அரசு சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்தது. 1923 முதல் இலங்கைக்கு ஆள் எடுப்பதற்குப் புது விதிகள்.

அந்த விதிகளைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கலாம். ஏனென்றால் நம்ம குரூப் சண்டைக்கு இவைதான் நேரடி முன்னோடி.

கங்காணிக்கு லைசென்ஸ் வேண்டும். யாரோ ஒரு தரகர் வந்து கூப்பிட முடியாது, அந்தத் தோட்டத்திலேயே வேலை பார்க்கிறவராக இருக்க வேண்டும். ரகசியமாக ஆளைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது, கிராம முன்சீபுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளி கணக்கில் ஏற்றக் கூடாது, தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து கட்டுகிற ஒரு பொது நிதியிலிருந்து அது போக வேண்டும். போன இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க, கண்டியில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர். 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது.

இதனால் தோட்டத்து வாழ்க்கை சொர்க்கமாகிவிடவில்லை. லயத்து அறைகளும் கங்காணி அதிகாரமும் தொடர்ந்தன. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு சாதாரணத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதையே நிறுத்தியது. ஆனால் ஒரு கொள்கை நிலைத்துவிட்டது. வேலை இருக்கு என்று கூப்பிடுகிறவர் தான் யார் என்று காட்ட வேண்டும், செலவை அழைக்கிற பக்கம் ஏற்க வேண்டும், பிறகு பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இந்தக் கொள்கையை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. இப்ப கடலையும் காலத்தையும் தாண்டி அமெரிக்காவுக்குப் போறோம். அங்கே படித்த, வசதியான, யாருக்கும் கடன்படாத ஒரு கூட்டம் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டது.

1978, மே மாதம்

அப்போது இன்றைய இணையம் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் ஓடிய ஆர்ப்பாநெட் இருந்தது. பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், சில கம்பெனிகள். எல்லாப் பயனர்களின் பேரையும் ஒரே டைரக்டரியில் அச்சடித்துவிடலாம், அவ்வளவு சின்ன ஊர்.

1978 மே 3ஆம் தேதி, டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தெர்க், மேற்குக் கரையில் இருந்த கிட்டத்தட்ட 400 பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். எங்கள் புதுக் கம்ப்யூட்டரின் செயல்விளக்கம் நடக்கிறது, வாருங்கள் என்று. உலகின் முதல் ஸ்பாம் என்று இன்று சொல்வது இதைத்தான். முகவரிகள் அத்தனை அதிகமாக இருந்ததால், பல முகவரிகள் கடிதத்தின் உடம்புக்குள்ளேயே வழிந்துவிட்டன. நெட்வொர்க்கை நடத்திய ராணுவ அதிகாரிகள், இது விதிமீறல் என்று கண்டித்தார்கள்.

அதன் பிறகு நடந்த விவாதம்தான் நமக்கு முக்கியம். அரசுப் பணத்தில் ஓடுகிற நெட்வொர்க்கில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பேச்சு கிளம்பியது. அதில் வேலைவாய்ப்பு விஷயமும் வந்தது. நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு மட்டும் வேலைச் செய்தி போனால், வெளியே இருப்பவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?

பதில் சொன்னவர்களில் ஒருவர், எம்ஐடியில் இருந்த 25 வயது ரிச்சர்ட் ஸ்டால்மன். ஐந்து வருஷம் கழித்து குனு திட்டத்தைத் தொடங்கப்போகிற அதே ஸ்டால்மன். அவர் வாதத்தின் சாரம் இது: இப்படி நாலு பேருக்கு வேலை கிடைத்திருந்தால் நல்லதுதானே? என்னிடம் ஒரு வேலை இருந்தால் முதலில் என் நண்பர்களிடம்தான் சொல்வேன். நியாயம் என்ற பேரில் நாட்டில் உள்ள ஒவ்வொரு ஊர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

சுவாரஸ்யம் என்னவென்றால், இதை எழுதும்போது அவர் அந்த டெக் மின்னஞ்சலைப் பார்த்திருக்கவில்லை. பிறகு ஒருவர் அதை அனுப்பிவைத்தார். அந்த நீளமான முகவரிப் பட்டியலைப் பார்த்ததும், இது எனக்கு வந்திருந்தால் நானும் எரிச்சல்பட்டிருப்பேன் என்று தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வேலையை நண்பர்களிடம் சொல்வது பற்றி அவர் சொன்னது மட்டும் இன்றும் நம்முடன் இருக்கிறது.

நண்பர்களிடம் முதலில் சொல்வேன். கேட்க எவ்வளவு இயல்பா இருக்கு பாருங்க. ஆனா எம்ஐடியில இருக்கிறவரோட நண்பர்கள் யாரு? எம்ஐடிக்காரங்கதான். கங்காணியும் தன் ஊர்க்காரனிடம்தான் சொன்னார். தெரிந்தவர் மூலம் வேலை என்பதில் நம்பிக்கையும் உண்டு, அடைப்பும் உண்டு. வாலிநோக்கத்திலிருந்து கீழக்கரைக்கோ ராமநாதபுரத்துக்கோ போய் இன்ஜினியரிங் முடித்த ஒரு பெண்ணுக்கு, சென்னை சோழிங்கநல்லூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்குள் அண்ணனோ சித்தப்பாவோ சீனியரோ கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த வேலை இருப்பதே தெரிய ஒரே வழி, யாராவது ஒருத்தர் பொது இடத்தில் அதைச் சொல்வதுதான். நம்ம குரூப்ல வேலை விளம்பரமே கூடாதுன்னு சொல்லும்போது அந்த வேலை காணாமப் போறதில்லை. அது ரெஃபரலுக்குப் போயிடுது.

செலவு யாருடையது?

அப்படியென்றால் எல்லாரும் எல்லாவற்றையும் போடட்டும் என்று விட்டுவிடலாமா? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1980களில் யூஸ்நெட் என்ற கருத்துப் பரிமாற்ற வலை வளர்ந்தது. ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தொலைபேசி வழியாகக் கூப்பிட்டு, புதுச் செய்திகளைக் கைமாற்றும். அது அடுத்ததைக் கூப்பிடும். தொலைதூர அழைப்புக் கட்டணம் அந்தந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் தலையில். வேலைச் செய்திகளுக்குத் தொடக்கத்திலேயே தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். பிறகு அதையும் பிரித்து, வேலை தருபவர்களுக்கு ஒன்று, வேலை தேடி ரெஸ்யூம் போடுபவர்களுக்கு ஒன்று, அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்று என்று ஆக்கினார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? கலிஃபோர்னியாவில் ஓர் ஊரில் இருக்கிற வேலைக்கான விளம்பரம், ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ச் சேரும். அங்கே இருக்கிறவர் அந்த வேலைக்கு வரப்போவதில்லை. ஆனால் அது வந்து சேர்ந்த செலவு அவர் நிறுவனத்துடையது. அதனால் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்று குறிப்பிட ஒரு வசதி வைத்தார்கள். செய்தி போடுகிற ஒரு மென்பொருள், பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் எச்சரிக்கையே காட்டும். இது ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்குப் போகும், உலகத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் செலவு வைக்கும், நிச்சயமாகப் போடணுமா என்று.

அந்தச் செலவு இன்று இல்லை. டேட்டா மலிவு. ஆனால் வேறு செலவு இருக்கிறது. ஒரு குரூப்பில் சந்தேகம் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல நாலு அனுபவசாலிகள் இருப்பார்கள். சம்பளம் இல்லாமல், ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறவர்கள். சென்னையில் 1990களின் கடைசியிலிருந்து இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவைப் போல, பல குழுக்கள் இப்படித்தான் தன்னார்வத்தில் ஓடுகின்றன. வேலை விளம்பரம் பெருகினால் முதலில் கிளம்புவது இவர்கள்தான். இவர்கள் போனதும் கேள்விக்குப் பதில் வராது. பதில் வராத இடத்துக்குப் புதியவர்கள் வரமாட்டார்கள். கடைசியில் விளம்பரம் போடுகிறவர்கள் மட்டும் ஒருத்தருக்கொருத்தர் விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட குரூப் உங்க போன்லயும் ஒண்ணு இருக்கும், மியூட்ல.

யார் சார்பில் பேசுறீங்க?

ஆக, தடை போட்டால் தெரிந்தவர்களுக்குள் போய்விடும். திறந்துவிட்டால் இடம் நாசமாகும். இடையில் ஒரு வழியைப் பல சமூகங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தன.

அதில் நன்றாகத் தெரிந்த உதாரணம் ஹேக்கர் நியூஸ் தளத்தின் "யார் ஆள் எடுக்கிறார்கள்?" என்ற மாதாந்தரப் பதிவு. மாதம் ஒருமுறை, ஒரே இடம். பத்து வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. அதன் விதிகளைக் கேளுங்கள். நீங்கள் அந்தக் கம்பெனியிலேயே இருப்பவராக இருக்க வேண்டும். ஆள்பிடிக்கிற ஏஜென்சிகளுக்கு இடமில்லை. ஒரு கம்பெனிக்கு ஒரு பதிவுதான். எந்த ஊர், வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று சொல்ல வேண்டும். அதிகம் தெரியாத கம்பெனி என்றால் என்ன செய்கிறது என்று விளக்க வேண்டும்.

முதல் விதியை மறுபடி பாருங்க. கூப்பிடுறவர் அந்த இடத்துலயே வேலை பார்க்கிறவரா இருக்கணும். 1923இல் கங்காணிக்குப் போட்ட அதே விதி. இவங்க அதைப் படிச்சுட்டுப் போட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஒரே பிரச்சினை, ஒரே தீர்வு. இடையில் தலைக்கணக்குக்குக் காசு வாங்குகிற ஒருவர் இருந்தால், அவருக்கு வேலை நல்லதா என்பதைவிட ஆள் வந்தாரா என்பதுதான் முக்கியமாகிவிடும்.

கன்சல்டன்சிக்காரர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கம்பெனி பேரைச் சொன்னால் ஆட்கள் நேராகவே விண்ணப்பித்துவிடுவார்கள், எங்கள் உழைப்புக்குக் காசு வராது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நஷ்டத்தைத் தவிர்க்க, வேலை தேடுகிறவர் எதுவும் தெரியாமல் தன் படிப்பு, போன் நம்பர், பழைய சம்பளம் எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

சம்பளம் விஷயமும் இப்படித்தான். "தகுதிக்கேற்ப" என்ற வார்த்தை பார்க்க மரியாதையாக இருக்கிறது. உன் பழைய சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் கேட்பார்கள், தங்களுடைய பட்ஜெட்டைச் சொல்லமாட்டார்கள். பேரம் பேசுகிற இடத்தில் ஒரு பக்கத்துச் சீட்டு மட்டும் திறந்து கிடக்கிறது. குரூப்களில் "சம்பளத்தைப் போடுங்க" என்ற முணுமுணுப்பு, சில ஊர்களில் சட்டமாகவே ஆனது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி முதல் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். உடனே சில கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், கொலராடோவைத் தவிர என்று விளம்பரம் கொடுத்தன. சம்பளத்தைச் சொல்வதைவிட ஒரு மாநிலத்தையே விட்டுவிடுவது மேல் என்று நினைத்தார்கள். மறைக்கிறதுல எவ்வளவு லாபம் இருக்குன்னு அதுலயே தெரியுது. 2022 நவம்பரில் நியூயார்க் நகரத்திலும் இந்தச் சட்டம் வந்தது.

மீண்டும் கடல் தாண்டி

மரியாதை, நாகரிகம்னு பேசிக்கிட்டிருக்கோம். இதுக்குப் போய் இவ்வளவு பெரிய கதையான்னு தோணலாம். 2022 செப்டம்பருக்கு வருவோம்.

அந்த மாதம் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ் வேலை என்று சமூக வலைதளங்களில் விளம்பரம் வருகிறது, ஐடி தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கிறார்கள், நம்பாதீர்கள் என்று. போனவர்களைத் தாய்லாந்திலிருந்து எல்லை தாண்டிப் பெரும்பாலும் மியான்மருக்குக் கடத்திப்போய், அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி வேலைகளைச் செய்யவைத்தார்கள். மியான்மரின் மியாவாடி பகுதி அப்போதுதான் நம் செய்தித்தாள்களில் அடிபட்டது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகும் கம்போடியா, லாவோஸ் என்று இதே கதை தொடர்ந்தது.

இவங்க விவரம் தெரியாதவங்க இல்லை. கம்ப்யூட்டர் படிச்சவங்க. இவர்களுக்கு வந்த சேதியும் அந்தக் காலத்துச் சேதி மாதிரியேதான். வேலை இருக்கு, நல்ல சம்பளம், டிக்கெட் செலவை நாங்க பார்த்துக்கிறோம். உண்மையில் யாருக்காக வேலை, அந்த டிக்கெட் காசு பிறகு யார் கணக்கில் ஏறும், மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது, இதில் எதற்கும் பதில் இல்லை.

நம்மிடம் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983இன் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அலுவலகத்திலும், சமூக வலைதளம் உட்பட எல்லா விளம்பரங்களிலும் காட்ட வேண்டும் என்கிறது அமைச்சகம். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. இமைகிரேட் என்ற அரசுத் தளத்தில் அந்தப் பதிவு எண் உண்மையா என்று யாரும் சரிபார்க்கலாம். கங்காணியின் லைசென்ஸ், கிராம முன்சீபின் சாட்சி, இரண்டுக்கும் இன்றைய வடிவம் இது.

ஆனால் விளம்பரம் வந்து இறங்குகிற இடம் அரசு அலுவலகம் கிடையாது. கல்லூரி சீனியர்களின் வாட்ஸ்ஆப் குரூப், டெலிகிராம் சேனல், ஊர்க்காரர்கள் குரூப். அங்கே முன்சீப் யாரும் இல்லை. அட்மின்தான் இருக்கிறார். நீங்களும் நானும் இருக்கிறோம்.

அதனாலதான் அந்த நச்சரிப்பு முக்கியம். "கம்பெனி பேரைப் போடுங்க", "நீங்க அங்கதான் வேலை பார்க்கிறீங்களா?", "சம்பளம் எவ்வளவு?", "பதிவு எண் என்ன?" இதைக் கேட்கிறவரை நாம முசுடுன்னு நினைக்கிறோம். குரூப்பில் 300 பேர் இருந்தால், அதில் 298 பேருக்கு அந்தக் கேள்வி தொல்லைதான். மிச்சம் ரெண்டு பேர் ரெஸ்யூமை அனுப்பத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். எதையும் கேட்கத் தயங்குவார்கள், ஏனென்றால் வேலை அவர்களுக்குத்தான் வேண்டும். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம். அந்த வேலை தேவையில்லாதவர் கேட்பதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

அட்மினாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை விளம்பரத்தை மொத்தமாகத் தடை பண்ணாதீங்க. வாரத்தில் ஒரு நாளோ, தனி ஒரு இழையோ ஒதுக்குங்க. பேர், ஊர், சம்பளம், போடுகிறவருக்கும் கம்பெனிக்கும் உள்ள தொடர்பு, இந்த நாலும் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் அழிச்சிடுங்க. ஏன் அழிச்சீங்கன்னு ஒரு வரி எழுதிட்டு அழிங்க. தெரியாமல் ஃபார்வேர்ட் பண்ணினவர் அடுத்த முறை கேட்டுவிட்டுப் பண்ணுவார்.

மண்டபத்தில் ரயில் ஏறியவர்களுக்கு இந்த விதிகள் வந்து சேர எத்தனை தலைமுறை ஆனது என்று பார்த்தோம். நமக்கு ஒரு பின் பண்ணின மெசேஜ் போதும்.

உங்க குரூப்ல இதுக்கு என்ன விதி வெச்சிருக்கீங்க, எது வேலை செஞ்சது, எது சண்டையில முடிஞ்சதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.